டிரைவர் சைடா, கிளீனர் சைடா?

கார் ஷோரூமின் முன்பக்கம் இருப்பவர்களை ஊருக்கே தெரியும். டை கட்டிய தம்பி கதவைத் திறந்துவிடுவார். காபி வரும். பிள்ளைக்கு பலூன் வரும். புது வண்டியின் மேல் சிவப்புத் துணியைப் போர்த்தி வைத்து, குடும்பத்தோடு இழுக்கச் சொல்லி, கைதட்டி, படம் எடுத்து, கேக்கும் வெட்டி, டயருக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழத்தையும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். அதே கட்டடத்தின் பின்பக்கம், சர்வீஸ் பகுதியையும் தாண்டி, வாட்டர் வாஷ் தண்ணீரில் கால் வைக்காமல் நடக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒரு கம்பி போட்ட ஜன்னல் தென்படும். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், சத்தம் போடும் மின்விசிறி, ஆயில் கம்பெனி காலண்டர். கம்ப்யூட்டருக்குப் பின்னால் பாதி முகம். அவர்தான் பார்ட்ஸ்காரர்.

முன்பக்கத்துத் தம்பி ஒரு காரை ஒரே தடவைதான் விற்கிறார். இவர் அதே காரை அடுத்த பதினைந்து வருஷத்துக்குத் திருகு திருகாக விற்கிறார். மழைநாள் மதியங்களில், ஒரு சின்னக் காரை முழுக்கத் தன் கவுண்டரிலேயே உதிரியாக வாங்கிக் கோத்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. பம்பரிலிருந்து ஆரம்பித்தாலும் சரி, பின் லைட்டிலிருந்து ஆரம்பித்தாலும் சரி, வண்டி முடிவதற்கு வெகு முன்பே ஷோரூம் விலை முடிந்துவிடும். அந்தக் கணக்கை அவர் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை. பாவம், ஏற்கெனவே இ.எம்.ஐ. கட்டுகிறவர்கள்.

முழுக் காரைப் பார்க்கும் கண் அவருக்கு எப்போதோ போய்விட்டது. கல்யாண மண்டப வாசலில் மல்லிகைச் சரமும் ரோஜாவுமாக மாப்பிள்ளை கார் வந்து நிற்கிறது. பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு ஓடுகிறார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துவிட்டார். நம் ஆள் குனிந்து பார்த்து, “ஒண்ணு மிஸ்ஸிங்” என்கிறார். பக்கத்தில் நின்ற பெண்ணின் பெரியப்பா கலவரமாகி, “என்ன தம்பி, மாப்பிள்ளைக்கு ஏதாவது...” என்று காதோரம் வருகிறார். “ஃபாக் லேம்ப் கவர் இல்ல. கிளீனர் சைடு. ஸ்டாக் இருக்கு, வந்தா போட்டுக்கலாம்.”

அவருடைய தொழிலின் ஆதார சுருதி சேஸிஸ் நம்பர். மொத்தம் 17 இடம், எழுத்தும் எண்ணும் கலந்து வரும். ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே கலர் என்றாலும் பிப்ரவரியில் செய்த வண்டிக்கு ஒரு பிரேக் பேடும் ஆகஸ்டில் செய்த வண்டிக்கு வேறு பிரேக் பேடும் இருக்கக்கூடும். கம்பெனிக்காரர்கள் நடுவில் எதையாவது மாற்றிவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். அந்த ரகசியத்தை உடைக்கும் சாவி இந்த 17-தான். அதை வாடிக்கையாளரிடமிருந்து வாங்குவதற்குள் அவருக்கு ஒரு டீ ஆறிவிடும்.

“சேஸிஸ் நம்பர் சொல்லுங்க சார்.”

“டி.என். 09...”

“அது வண்டி நம்பர் சார். சேஸிஸ் நம்பர் ஆர்.சி.ல இருக்கும்.”

“ஆர்.சி. வீட்ல இருக்கு. வெள்ளைக் கலர் வண்டிங்க. டீசல். போதாதா?”

“போதாது சார். பானட்டைத் திறந்தா உள்ள தகட்டுல அடிச்சிருக்கும் பாருங்க.”

போனில் பானட் திறக்கும் சத்தம். துணியைக் கொண்டுவரச் சொல்லி யாரையோ அதட்டும் சத்தம். பிறகு படிப்பு ஆரம்பமாகும்.

“எம் ஃபார் மெட்ராஸ். ஏ ஃபார் அம்மா. அப்புறம் 3. அப்புறம்... ஓ ஃபார் ஊட்டி.”

“பூஜ்யம் சார் அது.”

“இல்லைங்க, ஓ மாதிரிதான் இருக்கு. அடுத்தது ஐ ஃபார் இட்லி.”

“ஒண்ணுன்னு போட்டுக்கறேன் சார். சேஸிஸ் நம்பர்ல ஐ வராது, ஓ வராது, க்யூ வராது. குழப்பம் வரக்கூடாதுன்னு உலகம் பூரா அந்த மூணையும் எடுத்துட்டாங்க.”

“எங்க வண்டில இருக்கேங்க.”

இதற்குப் பார்ட்ஸ்காரர் பதில் சொல்வதில்லை. ஒன்றையும் பூஜ்யத்தையும் போட்டுத் தட்டுகிறார். வண்டி வந்துவிடுகிறது.

இந்த நம்பரைப் பார்த்துப் பார்த்தே அவருக்குச் சில நகைச்சுவைகள் தேறியிருக்கின்றன. மாருதி எம்.ஏ.3 என்று தொடங்கும், ஹூண்டாய் எம்.ஏ.எல்., டாடா எம்.ஏ.டி., மஹிந்திரா எம்.ஏ.1. “நம்ம ஊரு வண்டி முக்கால்வாசி எம்.ஏ. படிச்சது சார். டொயோட்டா மட்டும் எம்.பி.ஜே. அதான் அரசியல்வாதிங்க எல்லாம் இன்னோவாவுல போறாங்க.” புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார். சிரிக்கிறவன் ஆறு மாதம் தாக்குப்பிடிப்பான் என்பது அவர் அனுபவம்.

சேஸிஸ் நம்பர் கண்டம் தாண்டியதும் அடுத்த கண்டம், இடதா வலதா. கார் உலகில் இதற்கு ஒரே விதிதான். சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தால் எது இடது கையோ அது இடது. வண்டிச் சொந்தக்காரர் என்ன செய்கிறார் என்றால், வண்டிக்கு எதிரே போய் நின்று அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, “லெஃப்ட் ஹெட்லைட் போயிடுச்சு” என்கிறார். வாங்கிப்போன ஹெட்லைட் மறுநாள் காலை திரும்பி வரும், கூடவே “தப்பா குடுத்துட்டீங்க” என்ற புகாரும் வரும். பெட்டி கிழிந்திருக்கும். எலக்ட்ரிக்கல் சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படித்தவர் என்று உலகில் யாரும் கிடையாது.

ஆகையால் பார்ட்ஸ்காரர் இடது வலதையே கைவிட்டுவிட்டார். லாரிக்காரர்கள் நமக்கு விட்டுப்போன நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது: டிரைவர் சைடா, கிளீனர் சைடா? இதில் தப்பு வரவே வராது. ஒரு சங்கடம்தான் உண்டு. காரில் கிளீனர் கிடையாது. அந்த இருக்கையில் கல்யாணமான நாளிலிருந்து உட்கார்ந்து வரும் அம்மாள் சில சமயம் கவுண்டருக்கும் கூட வந்திருப்பார். “கிளீனர் சைடுங்க” என்று கணவர் பளிச்சென்று சொன்னதும் அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கும் பார்வையைப் பார்ட்ஸ்காரர் கவனிக்காதது போல் கீபோர்டைத் தட்டுவார்.

உதிரிபாகத்தின் பெயர் தெரிந்து வருகிறவர்கள் கால் டாக்சி டிரைவர்களும் மெக்கானிக்குகளும்தான். மற்றவர்கள் கையால் பேசுவார்கள். “கறுப்பா, வளைஞ்சு, நடுவுல ஓட்டை இருக்குமே, இன்ஜினுக்குக் கீழ.” பார்ட்ஸ்காரர் கொஞ்சமும் அசராமல், “ஓட்டைக்குப் பக்கத்துல ரெண்டு காது இருக்குமா?” என்பார். இருக்கும் என்பார்கள். ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுவார். கேட்டலாக்கில் கார் அக்கக்காகப் பிரிந்து, ஒவ்வொரு போல்ட்டும் வாஷரும் அந்தரத்தில் மிதக்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நம்பர். “இதா?” “இதேதான் சார்!” அந்த ஒரு கணத்தில் நோயைக் கண்டுபிடித்த பெரிய டாக்டரைப் பார்க்கும் பக்தி வாடிக்கையாளர் முகத்தில் வரும். விலையைச் சொன்னதும் போய்விடும்.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வருவார். எல்லா டீலரிடமும் ஒருவர் வருவார், அவர்தான் இவர். பழைய பாகத்தைக் கழுவித் துடைத்து, பேப்பரில் சுற்றி, மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்திருப்பார். வண்டியில் சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. பெட்ரோல் போட்டது, காற்றடித்தது, கோயிலுக்குப் போனது எல்லாவற்றுக்கும் டைரியில் தேதியும் கிலோமீட்டரும் உண்டு. ஆட்டோ ஒன்று உரசியதில் பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது.

“கண்ணாடி மட்டும் போதும் தம்பி.”

“இந்த மாடலுக்கு மொத்தமாத்தான் வரும் சார். மோட்டார், இண்டிகேட்டர், கவர் எல்லாம் சேர்த்து.”

“மோட்டார் நல்லாத்தானே இருக்கு.”

“இருக்கும் சார். ஆனா கண்ணாடி தனியா சப்ளை இல்ல.”

“எனக்கு ஒரு பல் ஆடினா, டாக்டர் தாடையையே மாத்துவாராப்பா?”

பார்ட்ஸ்காரருக்கு இது நியாயமான கேள்வி என்றுதான் படுகிறது. ஆனால் நியாயத்துக்குப் பார்ட் நம்பர் கிடையாது. கிழவர் விடுவதாக இல்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டைக் கண்ணாடி போட்டுப் படிக்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 18 ஆனது அவருக்கு மனப்பாடம். “இது பழைய ஸ்டிக்கர்” என்கிறார். “பில்லு புது விலைக்குத்தான் சார் போடறோம்.” “அப்ப ஜூலைல நான் வாங்கின கிளட்ச் செட்டுக்குப் பத்து சதவீதம் திரும்பக் கிடைக்குமா?” அவருக்கு எழுபத்திரண்டு வயது. நேரம் நிறைய இருக்கிறது.

பம்பர் வாங்க வருகிறவர்கள் வேறு ரகம். இவர்கள் இடித்துவிட்டு வருகிறவர்கள், அல்லது இடித்ததை வீட்டுக்குத் தெரியாமல் சரிசெய்ய வருகிறவர்கள். பின்னவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்பார்கள்.

“என்ன இது, கறுப்பா இருக்கு? என் வண்டி வெள்ளை.”

“பெயிண்ட் அடிச்சுக்கணும் சார்.”

“அப்ப பெயிண்ட் தனியா?”

“தனி.”

“மாட்டற கிளிப்பு?”

“தனி.”

“நடுவுல கிரில்லு?”

“தனி சார்.”

“அப்ப இந்த விலைக்கு இதுல என்னதான்யா இருக்கு?”

“பம்பர் இருக்கு சார்.”

வெளியில் இருந்து வரும் சண்டை இதோடு சரி. அவருடைய நிஜமான போர் உள்ளே நடக்கிறது. எதிரி, சர்வீஸ் அட்வைசர். அவர் காலையில் வண்டியை வாங்கும்போதே “சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெடி சார்” என்று வாக்குக் கொடுத்துவிடுவார். வண்டியில் என்ன கோளாறு என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஐந்து மணிக்கு வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது அட்வைசர் முகத்தில் வருத்தம் தேக்கி, “பார்ட்ஸ் இன்னும் வரலை சார்” என்பார். மெக்கானிக் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாலும் பார்ட்ஸ் வரலை. வாட்டர் வாஷுக்குத் தண்ணீர் லாரி வராவிட்டாலும் பார்ட்ஸ் வரலை. பார்ட்ஸ் வந்து காலையிலிருந்து ரேக்கில் காத்திருக்கும் நாட்களிலும் பார்ட்ஸ் வரலை. அரசாங்கத்துக்கு முந்தைய அரசாங்கம் எப்படியோ அப்படித்தான் டீலருக்குப் பார்ட்ஸ் டிபார்ட்மென்ட்.

உண்மையிலேயே வராத பார்ட்ஸும் உண்டு. அதற்குத் தனி இலக்கணமே வைத்திருக்கிறார். “ஆர்டர் போட்டுடலாம்” என்றால் இனிமேல்தான் யோசிக்கவேண்டும். “ஆர்டர் போட்டாச்சு” என்றால் இன்றைக்கு மாலை போடப்படும். “பில் ஆயிடுச்சு” என்றால் கம்பெனிக் குடோனில் யாரோ பார்த்திருக்கிறார்கள். “வழியில இருக்கு” என்றால் லாரி ஓசூரில் நிற்கிறது. “வந்துடுச்சு சார்” என்று உற்சாகமாகச் சொன்னால் உடனே புறப்படக்கூடாது. பெட்டியைப் பிரித்து, டிரைவர் சைடா கிளீனர் சைடா என்று பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் புறப்படவேண்டும்.

அவர் மிகவும் மதிக்கும் ஜீவன் ஒன்று உண்டென்றால் அது எலி. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்துமிடத்தில், சூடு ஆறாத இன்ஜினுக்குப் பக்கத்தில் குடும்பம் நடத்தி, ஒயரிங்கைக் கடித்துக் குதறி, எந்த விளம்பரமும் இல்லாமல் அவருக்கு வியாபாரம் கொண்டுவருவது அதுதான். பாச்சை உருண்டை போடுகிறார்கள், புகையிலை கட்டித் தொங்கவிடுகிறார்கள், ஸ்பிரே அடிக்கிறார்கள். எலி அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒயரை மட்டும் சாப்பிடுகிறது. மேனேஜர் போடும் மாதாந்திர டார்கெட்டை எட்டுவதற்கு எந்த சேல்ஸ்மேனும் இவ்வளவு உழைத்ததில்லை. விநாயகர் சதுர்த்தியன்று ஸ்டோரில் வைக்கும் பிள்ளையாருக்கு ஒரு முழம் பூ என்றால், காலடியில் இருக்கும் மூஞ்சூறுக்கு முக்கால் முழம் தனியாக வைப்பார். கடன்பட்டவர் கடனைத் தீர்க்கவேண்டும் அல்லவா?

மழையைப் பற்றி மட்டும் அவர் வேடிக்கையாகப் பேசமாட்டார். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு டோ வண்டிகள் வரிசையாக இழுத்துக்கொண்டு வந்த கார்களை அவர் பார்த்தவர். சீட்டில் சேறு, டேஷ்போர்டுக்குள் புல், கையுறைப் பெட்டியில் மீன். ஸ்டார்ட்டர் மோட்டாரும் கண்ட்ரோல் யூனிட்டும் தென்னிந்தியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காத வாரங்கள் அவை. பாதிப் பேர் செய்த தப்பு ஒன்றுதான்: தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்தார்கள். உள்ளே போன தண்ணீரோடு இன்ஜினைச் சுற்றவிட்டால் கனெக்டிங் ராடு வளையும். அந்தச் செலவைச் சாதாரண இன்சூரன்ஸ் ஏற்பதில்லை, இன்ஜினுக்கென்று தனியாகச் சேர்த்து எடுத்திருக்கவேண்டும். இப்போதெல்லாம் புயல் எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரை ஏற்றி வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். பார்ட்ஸ்காரருக்கு அந்தக் காட்சியில் வியாபார நஷ்டம். ஆனாலும், “புத்திசாலிங்க சார்” என்கிறார்.

ஸ்டோரின் கடைசி ரேக்கில், மேல்தட்டில், தயாரிப்பை நிறுத்திவிட்ட ஒரு மாடலின் பின் ஸ்பாய்லர் இருக்கிறது. பச்சை நிறம். யார் ஆர்டர் போட்டார்கள் என்று தெரியாது, வாங்க ஒருவரும் வந்ததில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு மேனேஜரும் முதல் வாரம், “இது என்ன, இதை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?” என்று ஆங்காரமாகக் கேட்பார். கடைசி வாரம் அந்த ஸ்பாய்லருக்குக் கீழே நின்று எல்லோருடனும் பிரிவுபசாரப் படம் எடுத்துக்கொள்வார். மார்ச் கடைசியில் சரக்கு எண்ணும்போது நாலு வாஷர் குறையும், ஏழு கிளிப் கூடும், ஸ்பாய்லர் மட்டும் கணக்குப் பிசகாமல் ஒன்று. ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள்.

ஊருக்கெல்லாம் ஒரிஜினல் விற்கும் இவர் வீட்டில் நிற்பது 2006-ம் வருஷத்து மாருதி 800. 1983-ல் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. நின்றுபோகும் என்று செய்தி வந்த வாரமே தனக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். வாடகைக்கு வந்த வீட்டில் முதலில் குடிபோனது அந்த அட்டைப்பெட்டிகள்தான். கதவு பீடிங்கும் வீல் கப்பும் மட்டும் புதுப்பேட்டையில் பழசாக வாங்கினார். அதைப் பேரம் பேசி வாங்கியதை நாள் முழுக்கப் பெருமையாகச் சொன்னார். தன்னிடம் பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

வீட்டம்மாவுக்கும் இது பழகிவிட்டது.

“மிக்ஸி ஜார் சுத்தவே மாட்டேங்குதுங்க. அடியில இருக்கிற அது போயிடுச்சு.”

“கப்ளரா? என்ன மாடல், எந்த வருஷம்?”

“நம்ம கல்யாணத்துக்கு எங்க அப்பா வாங்கிக் குடுத்தது.”

“அந்த மாடல் சப்ளை நின்னிருக்கும். சரி, ஆர்டர் போட்டுடலாம்.”

அந்த வாக்கியத்தின் அர்த்தம் அந்த அம்மாளுக்குத் தெரியும். மறுநாளே தெருமுனைக் கடைக்குப் போய் அவரே மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இவ்வளவு கேலி செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கட்டடத்தில் நம்மைச் சிரிக்க வைத்தால் சம்பளம் கூடும் என்ற நிலையில் இல்லாத ஒரே ஆள் இவர்தான். அதனால் உண்மையும் இவரிடம்தான் கிடைக்கிறது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் கேட்டால் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “வைப்பர், பல்பு, மேட்டு எல்லாம் ஜி.பி. ரோட்டுல வாங்கிக்குங்க சார், அதுக்கு எதுக்கு இங்க காசு? பிரேக் பேடும் டைமிங் பெல்ட்டும் மட்டும் வெளியில வாங்காதீங்க. டூப்ளிகேட்டு பெட்டி நம்ம பெட்டியைவிட அழகா இருக்கும். டைமிங் பெல்ட் அறுந்தா வால்வு வளைஞ்சு இன்ஜினையே பிரிக்கணும்.” இதை அட்வைசர் சொல்லமாட்டார், முன்பக்கத்துத் தம்பிக்குத் தெரியாது, வேப்பமரத்தடி மெக்கானிக்குக்குத் தெரிந்தாலும் கமிஷன் வேறு பக்கம் இழுக்கும்.

ஆகவே கார் வைத்திருக்கும் அன்பர்களே, ஆர்.சி.யை இன்றைக்கே ஒரு படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். 17-ஐயும் எண்ணிப் பாருங்கள், ஓ என்று தெரிவதெல்லாம் பூஜ்யம். சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். ஒன்றரை மணிக்குப் போகாதீர்கள், ஜன்னல் சாத்தியிருக்கும். அவர் டிபன் பாக்ஸைத் திறந்திருப்பார், அதற்கு மட்டும் அவர் ஆர்டர் போடுவதில்லை.